பாராங்கின் பிடியும் ஆழ்கடல் தந்தியும்

கத்தியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அதன் அலகைப் பற்றியே எழுதியுள்ளனர். இரும்பு எங்கிருந்து கிடைத்தது, அது எவ்வாறு காய்ச்சி அடிக்கப்பட்டது, விளிம்பு எவ்வாறு கூராக்கப்பட்டது என்னும் செய்திகளே நூல்களில் நிறைந்திருக்கக் காண்கிறோம். ஆனால், கத்தியைப் பயன்படுத்துவோன் நாள் முழுவதும் பற்றியிருப்பது அலகை அன்று, பிடியை. பிடி சரியில்லாத கத்தி எத்துணைக் கூர்மையுடையதாயினும் உழைப்பாளிக்கு உதவாது. அது கையைக் கொப்புளமாக்கும், வியர்வையில் நழுவும், ஓங்கி வெட்டும்போது அலகு கழன்று பறக்கவும் கூடும். ஆதலின், கத்தி செய்வோரின் அறிவில் பாதி பிடியில்தான் அடங்கியிருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

இக்கட்டுரை அத்தகைய பிடி ஒன்றைப் பற்றியது. 1842ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் ஒரு மலாய் மரவெட்டியின் கையிலிருந்த பாராங் கத்தியின் பிடி அது. அதனை ஓர் ஆங்கில வைத்தியர் கண்டார். அதன் பின்னர் இருபத்தைந்து ஆண்டுகள் கழிவதற்குள், அப்பிடி செய்யப்பட்ட அதே பொருள் அட்லாண்டிக் மாகடலின் அடியில் இரு கண்டங்களை இணைத்துக் கிடந்தது. அந்தப் பொருளைத் தந்த மரங்களோ சிங்கப்பூர்த் தீவில் அநேகமாக அற்றுப்போயிருந்தன. இவை இரண்டும் ஒரே கதையின் இரு பகுதிகள்.

முதலில், மலாய்த் தீவுக்கூட்டத்தில் கத்திக்குப் பிடி அமைத்த முறையைச் சற்று விளங்கிக் கொள்ள வேண்டும். அலகின் அடிப்பாகம் மெலிந்து வால் போல் நீளும். மலாய் மொழியில் இதனைப் புத்திங் என்பர். பிடியை ஹுலு என்பர். பிடியில் துளையிட்டு, அதில் இந்த வாலைச் செருகி, உருக்கிய அரக்கை ஊற்றி இறுக்குவது பழைய வழக்கம். அந்த அரக்குக்கு எம்பாலாவ் என்று பெயர். பிடியின் வாய் பிளவாதிருக்க அங்கே ஒரு பூண் இடுவர். நம் ஊர்க் கொல்லர் அரிவாளுக்குப் பிடி போடும் முறையும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. அரக்கின் நன்மை என்னவெனில், பிடி கெட்டால் சூடுகாட்டிக் கழற்றி வேறு பிடி மாட்டலாம். அலகு தந்தையினுடையதாகவும் பிடி மகனுடையதாகவும் இருக்க இடமுண்டு.

இனி, பிடிக்கு எடுத்துக்கொண்ட பொருள்கள். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத் தளபதி செங் ஹோவின் கப்பல்களில் வந்த மா ஹுவான் என்பவர் தாம் கண்ட நாடுகளைப் பற்றி ஒரு நூல் எழுதி வைத்தார். சாவகத்தில் சிறுவர் முதல் முதியோர் வரை ஆடவர் அனைவரும் இடையில் குறுவாள் செருகியிருந்ததை அவர் அதில் குறிக்கிறார். குறிப்போடு நில்லாமல், அவற்றின் பிடிகள் பொன்னாலும் காண்டாமிருகக் கொம்பாலும் யானைத் தந்தத்தாலும் ஆனவை என்றும், மனித உருவோ பேயுருவோ அவற்றில் நுட்பமாகச் செதுக்கப்பட்டிருந்தது என்றும் எழுதுகிறார். வெளிநாட்டு யாத்திரிகரின் கண்ணும் முதலில் பிடியில்தான் விழுந்திருக்கிறது! ஆனால், அவர் கண்டது செல்வர் வீட்டுக் கிரிஸ். குடியானவனின் கத்திப் பிடியைப் பற்றி அக்காலத்தார் எவரும் எழுதி வைக்கவில்லை என்பதில் வியப்பில்லை.

மரங்களுள் பிடிக்கு உயர்ந்ததென மலாய்க்காரர் கொண்டது கெமூனிங். குனிங் என்றால் மஞ்சள். மரத்தின் நிறத்தால் வந்த பெயர் இது. வெண்மையான நறுமணப் பூக்களை உடைய இச்சிறுமரத்தை இந்நாட்டு வீடுகளில் வேலிச் செடியாகவும் காணலாம். நம் கறிவேப்பிலை இதற்கு நெருங்கிய உறவு. வயிரம் பாய்ந்த கெமூனிங் கட்டை எலும்பு போல் கெட்டியாகவும், இழைத்தால் பட்டுப் போல் வழுவழுப்பாகவும் இருக்கும். வேர்ப்பகுதியில் ரேகைகள் சுழித்துச் சுழித்து ஓடும். அதற்கு மதிப்பு அதிகம்.

மரத்தில் பிடி செய்பவன் தன் விருப்பப்படி செதுக்கிவிட முடியாது. கிரிஸின் பிடி பறவையின் கழுத்தைப் போல் வளைந்திருக்கும். வளைவின் குறுக்கே ரேகை ஓடினால், ஒரே குத்தில் பிடி இரண்டாகிவிடும். ஆகவே, வளைவோடு கூடவே ரேகையும் வளைந்து செல்லும் துண்டைத் தேடி எடுப்பதுதான் பாதி வேலை. செதுக்குவது மீதிப் பாதி.

கொம்பும் அப்படியே. எருமைக் கொம்பு அடியில் பொள்ளல், நுனியில் கெட்டி. எனவே பிடிக்கு நுனிப்பகுதியே உதவும். அந்நுனிக்கு இயல்பாக உள்ள வளைவைப் பிடியின் வளைவாக ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான், வேறு வழியில்லை. போர்னியோவின் உள்நாட்டில் காயான், கென்யா மக்கள் செய்யும் நீண்ட கத்திக்குக் கடமானின் கொம்பே சிறந்த பிடி. மான்கொம்பு மேலே கெட்டியாகவும் உள்ளே பஞ்சு போலும் இருக்கும். அந்தப் பஞ்சுப் பகுதியில் அலகின் வால் எளிதில் இறங்கும். கொம்பு தலையிலிருந்து புறப்பட்டு முதற்கிளை பிரியும் கவட்டை அவர்கள் வீணாக்குவதில்லை. கவட்டின் ஒரு கை பிடியாகிறது. மறு கை சிற்பமாகச் செதுக்கப்பட்டு, கத்தி நழுவாமல் தடுக்கும் முனையாகிறது. பிரம்பு வரிந்து, மயிர்க்குஞ்சம் தொங்கவிட்டு அதனை அலங்கரிப்பர். பொருட்காட்சி சாலைகளில் இவற்றைப் பார்ப்போர் சிற்ப வேலையைப் புகழ்கின்றனர். அதனினும் புகழத்தக்கது, மான் தலையில் வளர்ந்த கவட்டில் மனிதன் கைக்குரிய வடிவைக் கண்ட அந்தப் பார்வைதான் என்பது என் கருத்து.

இவ்வாறு மரமாயினும் கொம்பாயினும், பொருளின் போக்குக்குக் கை இணங்க வேண்டியிருந்தது. கையின் போக்குக்கு முற்றும் இணங்கிய பொருள் ஒன்றே ஒன்று. அதுதான் தாபான் மரத்தின் பிசின்.

தாபான் மலாயா, சுமத்திரா, போர்னியோக் காடுகளில் ஓங்கி வளரும் மரம். இலையின் மேற்புறம் பச்சை. அடிப்புறம் செம்பொன் நிறம். இலுப்பை, மகிழ், சப்போட்டா ஆகிய மரங்கள் அடங்கிய குடும்பத்தையே சேர்ந்தது இதுவும். இம்மரங்களில் எதைக் கீறினாலும் பால் வடியும். தாபானின் பால் காற்றுப் பட்டதும் உறைந்து கட்டியாகிறது. அதை மலாய்க்காரர் கெத்தா தாபான் என்றனர். ஐரோப்பிய வணிகரோ கெத்தா பெர்ச்சா என்ற பெயரைப் பற்றிக்கொண்டனர். பெர்ச்சா என்பது கந்தைத் துணியைக் குறிக்கும் மலாய்ச் சொல். அந்தப் பெயரே ஆங்கிலத்தில் கட்டாபெர்ச்சா என நிலைத்துவிட்டது.

இப்பிசினின் இயல்பு விந்தையானது. குளிர்ந்த நிலையில் அது கெட்டியான தோலைப் போன்றது. ரப்பரைப் போல் இழுபடாது. வெந்நீரில் இட்டால், ஏறத்தாழ 60 பாகைச் செல்சியசுக்கு மேல் களிமண் போல் குழைகிறது. அப்போது எவ்வடிவம் கொடுத்தாலும் ஏற்கும். ஆறியதும் அவ்வடிவத்திலேயே இறுகிவிடும். மறுபடி வெந்நீரில் இட்டால் மறுபடி குழையும். தண்ணீர் இதனுள் புகாது. மழையில் மரப்பிடி ஊதும், வெயிலில் சுருங்கித் தளரும். இதற்கு அத்தொல்லை இல்லை. எடையும் நீரைவிடச் சற்றே குறைவு.

காடு வெட்டும் பாராங்கிற்கு இவ்வியல்புகள் எவ்வளவு பொருத்தம் என்று எண்ணிப் பாருங்கள். பாராங்கின் கனம் அலகின் முன்பகுதியில் இருக்க வேண்டும். அப்போதுதான் வெட்டு ஆழமாக விழும். அதனால் பிடி இலேசாக இருப்பது நல்லது. கை ஈரமாயிருந்தாலும் நழுவக் கூடாது. அலகின் வாலைச் சுற்றி இடைவெளி இருக்கக் கூடாது. குழைந்த பிசினை வாலின்மேல் அப்பி, தன் கையாலேயே இறுகப் பற்றி, விரல் பதிந்த இடத்தில் பதியவிட்டு ஆறவைத்தால், அவனவன் கைக்கென்றே அமைந்த பிடி கிடைத்துவிடும். உளியும் வேண்டா, அரமும் வேண்டா, அரக்கும் வேண்டா. அடுப்பும் ஒரு பானை வெந்நீரும் போதும். குறை ஒன்று உண்டு: கொதிக்கும் வெயிலில் நெடுநேரம் போட்டு வைக்கலாகாது. ஆனால், மரவெட்டியின் வேலை காட்டு நிழலில்தானே!

இத்தகைய பிடியைத்தான் டாக்டர் வில்லியம் மான்ட்கோமரி கண்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் வைத்தியராகச் சிங்கப்பூர்க் குடியேற்றத்தின் ஆரம்ப ஆண்டுகளிலேயே இங்கு வந்தவர் அவர். 1822லேயே இத்தகைய பிசின் ஒன்றைப் பற்றிக் கேள்வியுற்றிருந்தார். ஆயினும், இருபது ஆண்டுகள் கழித்து, 1842இல் மரவெட்டி ஒருவனின் பாராங்கைப் பார்த்த பிறகே அதன் பெருமை அவருக்குப் புலப்பட்டது. இது என்ன பொருள், எப்படிச் செய்தாய் என்று அவர் வினவ, கொதிநீரில் முக்கினால் குழையும், ஆறினால் இறுகும், எந்த வடிவும் பெறும் என்று அம்மரவெட்டி விளக்கினான். வைத்தியர் அப்பிடியை வாங்கிக்கொண்டார். மேலும் பிசின் சேகரித்துத் தாமே சோதித்துப் பார்த்தார்.

அவர் எண்ணம் முதலில் வைத்தியத்தின் மேலேயே சென்றது. அக்காலத்து ரப்பர்க் கருவிகள் இந்நாட்டு வெப்பத்தில் பிசுபிசுத்துக் கெட்டன. கந்தகம் சேர்த்து ரப்பரைப் பதப்படுத்தும் முறை அப்போது உலகில் பரவவில்லை. அவ்விடத்தில் இப்பிசின் உதவுமென்று கருதி, கல்கத்தாவின் மருத்துவக் குழுவுக்கு எழுதினார். இலண்டன் கலைச் சங்கத்துக்கும் மாதிரிகள் அனுப்பினார். அதே 1843ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் வாழ்ந்த போர்த்துக்கீசிய வைத்தியரும் வணிகருமான ஜோசே த அல்மேய்தாவும் இலண்டனிலுள்ள அரச ஆசியச் சங்கத்துக்கு மாதிரிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தார். இருவருள் முந்தியவர் யார் என்று பின்னாளில் வாதம் கிளம்பியது. கலைச் சங்கம் மான்ட்கோமரிக்குத் தங்கப் பதக்கம் அளித்தது.

இவ்வாதத்தைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. பாராங்கிற்குப் பிடியாகவும், சாட்டையாகவும், வாளியாகவும் மலாய்க்காரர் பயன்படுத்தி வந்த பொருளை இவ்விருவருள் எவர் ‘கண்டுபிடித்தார்’ என்பதுதான் வழக்கு! ஐரோப்பாவுக்கும் இது முற்றிலும் புதிதன்று. 1656இல் வெளிவந்த டிரெடிஸ்கன்டின் பொருட்காட்சி அட்டவணையில், வெந்நீரில் சூடாக்கினால் எவ்வடிவமும் பெறும் ஒருவகை ‘மரம்’ குறிக்கப்பட்டுள்ளது. அது இப்பிசினே என்று அறிஞர் கருதுவர். அங்கே அது வேடிக்கைப் பொருளாக அலமாரியில் கிடந்து மறக்கப்பட்டது. கையில் வேலை செய்யும் பொருளாக அதைப் பார்க்க, வேலை செய்பவனின் கையில் பார்க்க வேண்டியிருந்தது. மான்ட்கோமரியின் பெருமை, அவர் கேட்ட கேள்வியில் இருக்கிறது. ஒரு மரவெட்டியிடம் நின்று அவன் கத்திப் பிடியைப் பற்றி விசாரிக்க அக்காலத்து வெள்ளைக்காரருள் எத்தனை பேருக்குப் பொறுமை இருந்திருக்கும்?

இலண்டனில் 1845இல் கட்டாபெர்ச்சாக் கம்பெனி நிறுவப்பட்டது. காலணி அடிகள், குழாய்கள், அலங்காரப் பொருள்கள் எனப் பலவும் வந்தன. 1848 அளவில் கோல்ஃப் பந்தும் இதனால் செய்யப்பட்டது. இவையெல்லாம் சில்லறை விஷயங்கள். பெரிய மாறுதல் தந்திக் கம்பியால் ஏற்பட்டது.

மின்சாரத் தந்தி நிலத்தில் பரவிவிட்டது. கடல் மட்டும் தடுத்து நின்றது. செம்புக் கம்பியை நீரில் இட்டால் மின்சாரம் நீரில் கசிந்துவிடும். அதற்கு ஓர் உறை வேண்டும். ரப்பர் உறை நாளடைவில் கெட்டது. தார் பூசிய நூல் போதவில்லை. 1847 அளவில் ஜெர்மனியில் வெர்னர் சீமென்ஸ் கட்டாபெர்ச்சாவைச் சூடாக்கிக் குழைத்து, கம்பியைச் சுற்றிப் பொருத்து இல்லாமல் அழுத்தி மூடும் இயந்திரம் ஒன்றை அமைத்தார். 1848இல் இங்கிலாந்தில் மைக்கேல் ஃபாரடே, இப்பொருள் மின்சாரத்தைக் கடத்தாத சிறந்த உறை என்று எழுதினார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரும்பு வாலைச் சுற்றி இடைவெளியின்றி இறுகும் இயல்புக்காக மரவெட்டி இதனை விரும்பினான். செம்புக் கம்பியைச் சுற்றி இடைவெளியின்றி இறுகும் இயல்புக்காக இயந்திர நிபுணர் விரும்பினர். சூட்டில் குழைவது, ஆறி இறுகுவது, நீர் புகவிடாதது என்னும் அதே மூன்று குணங்கள்தாம். பிடியிலிருந்து கம்பிக்கு வர எடுத்துக்கொண்ட காலம் ஆறே ஆண்டுகள்.

1850இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே இட்ட கம்பி உடனே அறுந்தது. 1851இல் இட்டது நிலைத்தது. 1858இல் அட்லாண்டிக்கைக் கடந்த கம்பி ஏறத்தாழ மூன்று வாரம் பேசி ஓய்ந்தது. 1866இல் ‘கிரேட் ஈஸ்டர்ன்’ என்னும் பெருங்கப்பல் இட்ட கம்பிதான் நிலையான தொடர்பைத் தந்தது. ஆழ்கடலின் குளிரும் இருளும் இப்பிசினுக்கு ஏற்றவையாய் அமைந்தன. காற்றிலும் வெயிலிலும் நாளடைவில் வறண்டு உடையும் இயல்புடைய அது, கடலடியில் பல்லாண்டுகள் கெடாது கிடந்தது.

இப்பெரிய வெற்றிக்கு விலை கொடுத்தது யார் என்பதை இனிப் பார்ப்போம். இந்நாட்டில் தோட்டப்புறத்தோடு தொடர்புடைய தமிழர்க்குப் பால் வெட்டும் முறையை விளக்க வேண்டியதில்லை. ரப்பர் மரத்தின் பட்டையில் மெல்லிய சீவல் எடுத்தால் பால் வடிந்து கோப்பையில் சேர்கிறது, மரம் சாவதில்லை, அடுத்த வெட்டு நாளில் மீண்டும் பால் தருகிறது. தாபான் அப்படியன்று. அதன் பால் பட்டைக்குள் சின்னஞ்சிறு பைகளில் அடைபட்டிருக்கிறது. கீறிய இடத்தில் சிறிது வந்ததும் உறைந்து நின்றுவிடும். எனவே மரத்தையே வெட்டிச் சாய்த்து, அடி முதல் நுனி வரை இடைவெளி விட்டு வளையம் வளையமாகப் பட்டையைக் கீறி, ஊறுவதைச் சுரண்டி எடுத்தனர். பல பத்தாண்டுகள் வளர்ந்த மரம் ஒரே முறை பால் தந்துவிட்டு மண்ணாயிற்று.

பிடிக்கும் சாட்டைக்கும் வெட்டிய காலத்தில் காடு அதைத் தாங்கியது. கப்பல் கப்பலாக வெட்டியபோது தாங்கவில்லை. சிங்கப்பூரின் மற்றொரு வைத்தியரான தாமஸ் ஆக்ஸ்லி 1847இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு கணக்குத் தருகிறார். 1845 ஜனவரி முதல் 1847 ஜூலை நடுப்பகுதி வரை சிங்கப்பூரிலிருந்து ஏற்றுமதியானது 6,918 பிக்கல். ஒரு மரத்துக்குப் பத்துக் காட்டி வீதம் வைத்தால் 69,180 மரங்கள் பலியாகியிருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. ஒரு பிக்கலுக்கு நூறு காட்டி. ஒரு காட்டி ஒன்றேகால் ராத்தலுக்குச் சற்று மேல். மரத்துக்குப் பத்துக் காட்டி என்பது தாராளமான மதிப்பு என்று பின்வந்தோர் கூறினர். அப்படியானால் வீழ்ந்த மரங்களின் தொகை இன்னும் அதிகம். விலை பிக்கலுக்கு 8 டாலரிலிருந்து 24 டாலர் வரை ஏறிற்று.

இன்னொரு கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். 1866ஆம் ஆண்டு அட்லாண்டிக் கம்பியில் ஒரு கடல்மைலுக்கு 400 ராத்தல் கட்டாபெர்ச்சா இருந்தது. ஆக்ஸ்லியின் தாராளமான வீதப்படியே ஒரு மரத்துக்குப் பதின்மூன்றரை ராத்தல் அளவில் கிடைத்ததாகக் கொண்டால், ஒரு கடல்மைலுக்கு முப்பது மரம். கம்பியின் நீளமோ 1,800 கடல்மைலுக்கு மேல். அந்த ஒரு கம்பிக்கு மட்டும் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமான மரங்கள்! பிசினைத் தூய்மை செய்யும்போது கழிந்த அழுக்கையும் மரச்சிதறலையும் இதில் நான் சேர்க்கவில்லை.

இவ்வணிகத்தில் இந்நாட்டார் பங்கும் இருந்தது. தெலுக் பிளாங்காவில் வாழ்ந்த ஜொகூர்த் தெமெங்கோங் டாயெங் இப்ராகிம், காட்டு விளைபொருள் தம் உரிமை என்று கூறி, பிசின் வாணிபத்தைத் தம் கைக்குள் கொண்டுவந்தார். பிற்காலத்து ஜொகூர் அரசின் செல்வத்துக்கு இப்பிசின் ஒரு முக்கிய தொடக்கம் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். மரத்தை அடையாளம் கண்டு, காட்டில் நாட்கணக்கில் அலைந்து, வெட்டிச் சுமந்து வந்தவர்களுள் பூர்வகுடியினர் பலர். துறைமுகத்தில் நிலவிய விலைக்கும் அவர்கள் கையில் விழுந்த பொருளுக்கும் இடையே பெருந்தொலைவு இருந்தது.

1850களின் பிற்பகுதிக்குள் சிங்கப்பூர்த் தீவில் முதிர்ந்த தாபான் மரங்கள் அநேகமாக அற்றுவிட்டன. வெட்டுவோர் ஜொகூருக்கும், பின்னர்த் தீபகற்பத்தின் பிற காடுகளுக்கும், சுமத்திரா, போர்னியோவுக்கும் சென்றனர். பாராங்கிற்குப் பிசின் பிடி போட்ட வழக்கம் என்னவாயிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். மூன்று மடங்கு விலை ஏறிய பொருளைத் தன் கத்திப் பிடிக்குச் செலவிட எந்த மரவெட்டிக்கு மனம் வரும்? மரப்பிடிக்கும் கொம்புப் பிடிக்கும் அவன் திரும்பியிருப்பான். உலகமெல்லாம் அப்பொருளைப் பயன்படுத்தத் தொடங்கிய காலத்தில், அதைக் காட்டிக் கொடுத்தவன் கையிலிருந்து அது போய்விட்டது என்றே கருத வேண்டியுள்ளது.

தமிழகத்தோடு இக்கதைக்கு நேரான ஒரு தொடர்பும் உண்டு. 1870ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே வங்கக் கடலின் அடியில் தந்திக் கம்பி இடப்பட்டது. அது சிங்கப்பூர் வரை நீட்டப்பட்டு, 1871இன் தொடக்கத்தில் செய்திகள் செல்லலாயின. அதுவரை கப்பல் வரவை எதிர்பார்த்துக் கிடந்த வணிகர், சென்னைச் சந்தை நிலவரத்தை அன்றைக்கே அறிய வழி பிறந்தது. அக்கம்பியின் உறையும் கட்டாபெர்ச்சாவே. இக்கரைக் காடுகளில் வடிந்த பிசின் இங்கிலாந்து சென்று, கம்பியைச் சுற்றிக்கொண்டு, மீண்டும் இக்கரைக்கே வந்து சேர்ந்தது!

காடு அழிந்தபின் மாற்று வழி தேடியோருள் டச்சுக்காரர் முந்திக்கொண்டனர். மேற்குச் சாவகத்தில் சிப்பெத்திர் என்னுமிடத்தில் 1885இல் தாபான் தோட்டம் போட்டனர். மரத்தை வெட்டாமல் இலைகளைப் பறித்து அரைத்துப் பிசின் எடுக்கும் முறை அங்கே கையாளப்பட்டது. அறிவுடைய முறைதான், ஆனால் காலம் கடந்து வந்தது. 1933இல் இங்கிலாந்தில் பாலிதீன் என்னும் செயற்கைப் பொருள் கண்டறியப்பட்டு, சில ஆண்டுகளில் கடலடிக் கம்பிகளின் உறையாயிற்று. 1956இல் அட்லாண்டிக்கைக் கடந்த முதல் தொலைபேசிக் கம்பிக்குப் பாலிதீன்தான் உறை. சிப்பெத்திர் தோட்டத்தின் பெயர் பொறித்த பிசின் பலகைகள் அண்மை ஆண்டுகளிலும் இங்கிலாந்து, பிரான்சு முதலிய நாடுகளின் கடற்கரைகளில் ஒதுங்கியுள்ளன. 1917இல் மூழ்கிய ஒரு ஜப்பானியக் கப்பலின் சரக்கு அது என்பர். நீரைவிட இலேசான பொருளாகையால் மிதந்து வந்திருக்கிறது. எழுத்துகள் இன்னும் அழியவில்லை.

சிங்கப்பூர் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் இக்கதையில் வந்தோர் பலரை அதில் சந்திக்கலாம். ஆக்ஸ்லியின் பெயரில் சாலை உண்டு. அல்மேய்தாவின் பெயரில் ராஃபிள்ஸ் சதுக்கத்தின் அருகே தெரு உண்டு. மான்ட்கோமரி சாதிக்காய் பயிரிட்ட டக்ஸ்டன் தோட்டம் இன்று டக்ஸ்டன் சாலையாகவும் டக்ஸ்டன் குன்றாகவும் விளங்குகிறது. தெமெங்கோங் பெயராலும் தெலுக் பிளாங்காப் பக்கத்தில் சாலை இருக்கிறது. மரவெட்டியின் பெயரை மான்ட்கோமரி எழுதி வைக்கவில்லை.

தாபான் இனம் முற்றும் அழிந்துவிடவில்லை. புக்கித் தீமா காட்டில் இன்றும் அது உண்டு. இலையின் அடிப்புறம் பொன்னிறமாக இருப்பதைக் கொண்டு அடையாளம் காணலாம். பிசினும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. பல் வைத்தியர்கள் சொத்தைப் பல்லின் வேரைத் துப்புரவு செய்தபின் அக்குழியை நிரப்புவதற்குக் கட்டாபெர்ச்சாக் குச்சிகளைப் பயன்படுத்துகின்றனர். அதைச் சூடாக்கிக் குழைத்து, இடைவெளியின்றி அழுத்தி, ஆறவிடுகின்றனர்.